பஞ்சு பட்டால் வலிக்குமா?

அக்கி வந்து போய் மூன்று மாதம் ஆகியிருக்கும். கொப்புளம் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, விலாவில் தழும்பு மட்டும் மிச்சம். ஆனால் அந்தப் பெரியவர் சட்டை போடுவதில்லை. மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடத்தில் உட்காருவதில்லை. பேரன் ஓடிவந்து கட்டிக்கொள்ளப் பார்த்தால் கையை நீட்டித் தடுக்கிறார். மருத்துவர் பஞ்சைத் திரித்து விலாவில் மெல்ல ஓட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றுகிறார். அதே இடத்தில் மருத்துவர் உள்ளங்கையை அழுத்தி வைத்தாலோ பொறுத்துக்கொள்கிறார். பஞ்சு வலிக்கிறது, கை வலிக்கவில்லை. கூட வந்த மகனுக்கு இது நடிப்புபோலத் தெரிகிறது.

இப்படிப்பட்டவர்களை எந்தப் பெரிய மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவிலும் பார்க்கலாம். சர்க்கரை நோயால் பாத நரம்பு கெட்டுப்போய், ராத்திரியில் போர்வைக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தில் கை நசுங்கி, எலும்பு கூடிய பிறகும் அந்தக் கையைத் துணிமேல் வைக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். கடைசியில் ‘எல்லாம் மனசுதான்’ என்ற தீர்ப்போடு வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

அந்தத் தீர்ப்பு தவறு. கோளாறு இருக்கிறது. தோலில் தொடங்கினாலும் அது குடியேறியிருப்பது தண்டுவடத்தில். எந்த அடுக்கில், எந்தச் செல்லில் என்றுகூட விலங்குச் சோதனைகளில் விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு அறிவியல் வந்துவிட்டது. அந்த அறிவில் பத்தில் ஒரு பங்குகூட நம் புறநோயாளிச் சீட்டுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் இங்கே புகார்.

புகார் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஃபிலடெல்ஃபியாவில் நரம்புக் காயங்களுக்கென்றே டர்னர்ஸ் லேன் மருத்துவமனை நடந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல், துப்பாக்கிக் குண்டு நரம்பை உரசிச் சென்ற சிப்பாய்களைப் பற்றி 1864-இல் சக மருத்துவர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். அந்தச் சிப்பாய்கள் புண் ஆறிவிட்ட கையை எப்போதும் ஈரத்துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். சிலர் தண்ணீர் பாட்டிலும் பஞ்சுமாகவே நடமாடினார்கள். காய்ந்த தோலில் எது பட்டாலும் தாங்காது என்பதால் பூட்ஸுக்குள்ளேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டவர்களும் உண்டு. பக்கத்துக் கட்டிலில் யாராவது செய்தித்தாளைப் புரட்டினால், வார்டில் யாராவது அழுத்தி நடந்தால் அந்த அதிர்வே வலியைக் கிளப்பியது. போர்க்களத்தில் அஞ்சாத ஆள் இங்கே அடுத்தவர் நடையைக் கேட்டு நடுங்கினான் என்று மிட்செல் பதிவு செய்தார். எரிச்சலும் வலியும் சேர்ந்த இந்த நிலைக்குக் ‘காசால்ஜியா’ என்று பெயரும் வைத்தார்.

மிட்செல் அந்தச் சிப்பாய்களை நம்பினார். அவருடைய பெருமை அது. ஆனால் இதே மிட்செல்தான் பின்னாளில் சோர்வும் மனவேதனையும் சொல்லி வந்த பெண்களைப் படுக்கையில் கிடத்தி, படிக்கவும் எழுதவும் விடாமல் வைக்கும் ‘ஓய்வுச் சிகிச்சை’யால் புகழ்பெற்றார். 1887-இல் அவரிடம் அந்தச் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன், அந்த அனுபவத்தின் சூட்டில் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்ற புகழ்பெற்ற சிறுகதையை எழுதினார். கண்ணுக்குத் தெரியாத துன்பத்தைச் சொல்கிறவர் யார் என்பதைப் பார்த்துத்தான் அது நிஜமா பிரமையா என்று முடிவாகிறது. 150 ஆண்டு கழித்தும் இந்தப் பழக்கம் மருத்துவத்தை விட்டு முழுசாகப் போகவில்லை.

இனி தண்டுவடத்துக்கு வருவோம். தோலிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகள் பல வகை. தடித்த, கொழுப்புறை போர்த்திய இழைகள் மென்மையான தொடுதலைச் சுமக்கின்றன. நொடிக்கு 35 மீட்டருக்கும் மேலான வேகம். உறையில்லாத மெல்லிய இழைகள் சூட்டையும் காயத்தையும் சொல்கின்றன. இவற்றின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். கால் இடறினால் முதலில் இடித்தது தெரிந்து, ஒரு கணம் கழித்து எரிச்சலான வலி பரவுவது இந்த வேக வித்தியாசத்தால்தான். எல்லா இழைகளும் தண்டுவடத்தின் பின்பக்கச் சாம்பல் பகுதிக்குள் நுழைகின்றன. ஸ்வீடன் நாட்டு உடற்கூற்றியலாளர் ப்ரோர் ரெக்செட் 1952-இல் பூனையின் தண்டுவடத்தை வைத்து, சாம்பல் பகுதியை 10 அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். வலி இழைகள் பெரும்பாலும் மேலே, முதல் இரண்டு அடுக்குகளில் முடிகின்றன. தொடுதல் இழைகள் அவற்றுக்குக் கீழே, மூன்றாம் அடுக்கிலிருந்து தொடங்கும் பகுதியில் முடிகின்றன. (இதே ரெக்செட் 1967-இல் ஸ்வீடனின் மருத்துவத் துறைத் தலைவரானபோது, ஊழியர் எல்லாரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அந்த நாடே மரியாதைப் பன்மையைக் கைவிட்டதில் அவர் பெயரும் சேர்ந்து பேசப்படுகிறது. அடுக்கு பிரித்த மனிதர் அடுக்கை ஒழித்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது.)

மேலடுக்கும் கீழடுக்கும் தள்ளித் தள்ளி இருந்தாலும் இரண்டையும் இணைக்கும் செல் வரிசை ஒன்று நடுவில் உண்டு. வயலில் அடுத்தடுத்து ஓடும் இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே வரப்பில் ஒரு மடை இருப்பதுபோல. அது பெரும்பாலும் அடைபட்டே கிடக்கிறது. அடைத்து வைத்திருப்பவை கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்களைச் சுரக்கும் அடக்கு செல்கள். 1965-இல் கனடாக்காரர் ரொனால்ட் மெல்சாக்கும் ஆங்கிலேயர் பேட்ரிக் வாலும் ‘சயன்ஸ்’ இதழில் முன்வைத்த வாயில் கோட்பாட்டின் சாரம் இந்த அடைப்புத்தான். அதுவரை வலி என்றால், தோலில் இழுத்தால் மூளையில் மணி அடிக்கும் கயிறு என்று 17-ஆம் நூற்றாண்டில் டெகார்ட் சொன்ன படமே பாடப்புத்தகங்களில் ஆட்சி செய்தது. இருவரும் அதை மறுத்தார்கள். வழியில் தண்டுவடம் குறுக்கிடுகிறது, கூட்டுகிறது, குறைக்கிறது என்றார்கள். முட்டியை இடித்துக்கொண்டதும் கை தானாகப் போய்த் தேய்த்துவிடுகிறதே, அப்போது தடித்த தொடுதல் இழைகள் அடக்கு செல்களைத் தூண்டிவிட்டு வலியை மட்டுப்படுத்துகின்றன என்பது அவர்கள் வாதம். அந்தக் கட்டுரை வரைந்த இணைப்புப் படத்தில் சில கோடுகள் பிற்பாடு தவறென்று தெரிந்தன. மையக் கருத்து நின்றது.

புதிர் இங்கேதான் முற்றுகிறது. தேய்த்தால் வலியைத் தணிக்கும் அதே தொடுதல் இழை, அக்கி வந்த பெரியவருக்கு வலியை ஏன் கிளப்புகிறது?

விடையின் முதல் நுனி எட்டிமரத்தில் இருக்கிறது. எட்டிக்காய் என்றாலே நமக்குக் கசப்புத்தான் நினைவுக்கு வரும். அதன் கொட்டையில் உள்ள நஞ்சு ஸ்ட்ரிக்னின். 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லத்தியேயும் கவந்துவும் ஸ்ட்ரிக்னினை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். இந்த நஞ்சு உடலில் ஏறியவர் நினைவோடு இருக்கும்போதே, கதவு சாத்தும் சத்தத்துக்கும் மேலே கை படுவதற்கும் வில்லாக வளைந்து துடிப்பார். காரணம், தண்டுவடத்தில் கிளைசின் வந்து உட்கார வேண்டிய இடத்தை ஸ்ட்ரிக்னின் பிடித்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் டோனி யாக்ஷ் 1989-இல் இதைச் சோதனையாக்கினார். ஒரு காயமும் இல்லாத எலியின் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் மிகக் குறைந்த அளவு ஸ்ட்ரிக்னினைச் செலுத்தினார். முடியை லேசாக வருடினாலே எலி கத்தியது, கடிக்க வந்தது, ரத்த அழுத்தம் ஏறியது. இத்தனைக்கும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் அதை அடக்கவில்லை.

இந்தச் சோதனை சொல்வதை நிதானமாக யோசிக்க வேண்டும். எலியின் தோலில் காயமில்லை, நரம்பில் வெட்டில்லை. அடைப்பை மட்டும் எடுத்ததும் தொடுதல் வலியாகிவிட்டது. அப்படியென்றால் தொடுதலிலிருந்து வலிக்குப் போகும் பாதை நோய் வந்த பிறகு புதிதாக வெட்டப்படுவதல்ல. அது முன்னமே அங்கே இருக்கிறது, அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. மனிதனுக்கும் கதை இதுவே என்று நினைக்கக் காரணம் உண்டு. அந்தப் பெரியவருக்கும் அவர் நடிக்கிறார் என்று நினைக்கும் மகனுக்கும் தண்டுவடத்தின் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஒருவருக்கு மடை திறந்துகொண்டது, அவ்வளவுதான்.

மனிதரிடமும் இது நேரடியாகக் காட்டப்பட்டிருக்கிறது, அதுவும் மிளகாயை வைத்து. தன்னார்வலர்களின் தோலில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை ஊசியில் ஏற்றினால் அந்த இடம் எரியும். சற்று நேரத்தில் அதைச் சுற்றி, மருந்தே படாத அகலமான வட்டத்திலும் மெல்லிய வருடல் வலிக்கத் தொடங்கும். ஸ்வீடனின் எரிக் டோரபியார்க்கும் குழுவினரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. நுண்ணிய ஊசிமுனையை நரம்புக்குள் நுழைத்து, ஒரு தொடுதல் இழையை மட்டும் மின்சாரத்தால் தூண்டினார்கள். முதலில் அந்த நபர் ‘யாரோ தொடுவதுபோல இருக்கிறது’ என்றார். அருகில் கேப்சைசின் போட்ட பிறகு, அதே இழையை அதே அளவில் தூண்டினால் வலித்தது. இழையில் மாற்றமில்லை. செய்தி போய்ச் சேருமிடத்தில்தான் மாற்றம். எலியின் பாதத்தில் காயம் ஏற்படுத்தி, பிறகு அந்தக் காயத்தையே மரக்கச் செய்தாலும் தண்டுவடம் கிளர்ச்சியிலிருந்து இறங்குவதில்லை என்று லண்டனில் கிளிஃபர்ட் உல்ஃப் 1983-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியதும் இதையே காட்டுகிறது.

அடைப்பு ஏன் தளர்கிறது? கனடாவின் க்யூபெக் நகரில் இவ் த கோனிங்க்கின் குழு 2003-இல் சொன்ன விடை எளிய வேதியியல். காபா வந்து தொட்டால் நரம்புச் செல்லின் குளோரைடு வாசல் திறக்கும், குளோரைடு உள்ளே பாயும், செல் அடங்கும். அதற்குச் செல்லின் உள்ளே குளோரைடு எப்போதும் குறைவாக இருக்க வேண்டும். உள்ளதை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும் புரதத்துக்குக் கேசிசி2 என்று பெயர். நரம்பில் காயம்பட்டால் தண்டுவடத்தின் முதல் அடுக்கில் இந்தப் புரதம் குறைகிறது, குளோரைடு உள்ளே தேங்குகிறது. அப்புறம் காபா எவ்வளவு சுரந்தாலும் அடக்கம் பலவீனமாகிறது. சில செல்களில் அடக்க வேண்டியதே தூண்டிவிடவும் செய்கிறது. இந்தக் குறைவுக்கு மூலம் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோக்ளியா என்று ஜப்பானிய, கனடிய ஆய்வாளர்கள் 2003-இலும் 2005-இலும் அடுத்தடுத்துக் காட்டினார்கள். அப்புறம் ஒரு குட்டு உடைந்தது. மைக்ரோக்ளியாவை முடக்கினால் ஆண் எலிக்கு வலி தணிகிறது, பெண் எலிக்குத் தணியவில்லை என்று 2015-இல் தெரியவந்தது. அதுவரை வலி ஆய்வில் பெரும்பாலும் ஆண் எலிகளையே பயன்படுத்தி வந்தார்கள். நாள்பட்ட வலியால் அதிகம் அவதிப்படுவது பெண்கள் என்ற நிலையில், இதைக் கவனிக்க இத்தனை காலம் ஆனது அறிவியலுக்குப் பெருமை சேர்க்கும் விஷயமல்ல.

செல் செல்லாகப் பாதையை வரைந்தது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுக் கதை. ஹார்வர்டின் ச்யூஃபூ மாவும் சால்க் ஆய்வகத்தின் மார்ட்டின் கோல்டிங்கும் 2014-இல், சுண்டெலியின் தண்டுவடத்தில் ஒவ்வொரு வகைச் செல்லையும் மரபணு நுட்பத்தால் தனித்தனியே அகற்றிப் பார்த்தார்கள். சோமாட்டோஸ்டாட்டின் என்ற பொருளைச் சுமக்கும் தூண்டு செல்களை எடுத்தால், கிள்ளினாலும் குத்தினாலும் எலி பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. டைனார்ஃபின் சுமக்கும் அடக்கு செல்களை எடுத்தால், காயமே இல்லாத எலிக்கு வருடலே வலித்தது. ஜூரிக்கில் ஹான்ஸ் உல்ரிக் ஸைல்ஹோஃபர் கிளைசின் செல்களை வைத்து 2015-இல் இதே திசையில் சென்றார். பிட்ஸ்பர்கில் ரெபேக்கா சீல் குழு 2021-இல் வெளியிட்ட முடிவு மருத்துவருக்கு இன்னும் முக்கியம்: வீக்கத்தால் வரும் தொடுவலி (தொட்டாலே வரும் வலி) ஒரு வகைச் செல் வழியாகப் போகிறது, நரம்புக் காயத்தால் வருவது வேறொரு வகைச் செல் வழியாகப் போகிறது. நோயாளி சொல்லும் வார்த்தை ஒன்றே. உள்ளே பாதை வேறு. எல்லாருக்கும் ஒரே வலி மாத்திரை ஏன் கேட்பதில்லை என்பதற்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது.

பாதையின் தொடக்க முனையும் தெரிந்துவிட்டது. 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் அர்டெம் படபூட்டியான். பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியரான இவரது குழு கண்டுபிடித்த பியெசோ2 என்ற புரதம்தான் தோலில் மெல்லிய தொடுதலை உணர்கிறது. இந்தப் புரதம் பிறவியிலேயே வேலை செய்யாத சிலர் இருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டால் தம் கை எங்கே இருக்கிறது என்றுகூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியாது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் அவர்கள் தோலில் கேப்சைசின் போட்டுப் பார்த்தார்கள். எரிச்சல் வந்தது. சுற்றிலும் வருடினால் வலிக்க வேண்டிய தொடுவலி வரவில்லை. 2018-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகும் ‘மனசுதான்’ என்று சொல்வது கொஞ்சம் சிரமம்.

இதை வைத்து நாளையே மருந்து வந்துவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். எலியில் ஜெயித்து மனிதனில் தோற்ற வலி மருந்துகளுக்குக் குறைவில்லை. ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற வலிக் கடத்தியைத் தடுக்கும் மருந்துகள் 1990-களில் பெரும் நம்பிக்கையாக இருந்தன. எலிக்குக் கேட்டது, மனிதனுக்கு வலியில் பலனில்லை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அப்ரெபிட்டன்ட் இன்று புற்றுநோய்ச் சிகிச்சையில் வாந்தியை நிறுத்தப் பயன்படுகிறது. எலி தனக்கு எப்படி வலிக்கிறது என்று சொல்லாது, காலை இழுத்துக்கொள்ளும். ஆய்வகம் அளப்பது அந்த இழுப்பைத்தான்.

ஆகவே கையில் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்துவதே இப்போதைக்கு வழி. அங்கேதான் நாம் தடுமாறுகிறோம். உடம்பில் எங்கே வலி என்றாலும் நம் ஊரில் முதலில் விழுவது டைக்ளோஃபெனாக் ஊசி. அது வீக்கத்துக்கான மருந்து. தண்டுவடத்தின் அடைப்பு தளர்ந்ததால் வரும் தொடுவலிக்கு அதனால் அநேகமாகப் பலனில்லை; சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கோ கெடுதல். இந்த வகை வலிக்கு முதல் வரிசையில் இருப்பவை அமிட்ரிப்டிலின், டுலாக்ஸடின், கேபபென்டின், பிரிகாபலின். இவையும் சஞ்சீவி அல்ல. 2015-இல் ‘லான்செட் நியூராலஜி’ வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, பிரிகாபலினில் ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய ஏறக்குறைய 8 பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய, மலிவான அமிட்ரிப்டிலின் வகையில் 4 பேருக்குக் கொடுத்தால் போதும். ஆனால் அதில் வாய் உலரும், தூக்கம் அசத்தும். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

அமிட்ரிப்டிலினுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. மருந்துச் சீட்டை நீட்டினால் கடைக்காரர் நல்லெண்ணத்தில், “இது டிப்ரஷன் மாத்திரையாச்சேம்மா, யாருக்கு?” என்று கேட்பார். அவ்வளவுதான். ‘டாக்டரும் என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டார்’ என்று அந்த அம்மா மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார். மூளையின் அடித்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் நரம்புகள் நார்அட்ரினலின் சுரந்து வலிச் செய்தியை அடக்குகின்றன. அந்தச் சுரப்பை இந்த மாத்திரை கூடுதல் நேரம் நிற்க வைக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவிலேயே இந்த வேலை நடக்கிறது. இதைச் சீட்டு எழுதும்போதே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு அந்த இரண்டு வாக்கியத்துக்கு நேரமில்லை என்பதும் உண்மைதான். ஆனால் சொல்லாமல் விட்டால் அதே நோயாளி அடுத்த வாரம் இன்னொரு ஊசிக்கு வந்து நிற்பார். மிச்சம் பிடித்த நேரம் அங்கே போய்விடும்.

அக்கி விஷயத்தில் நேரக் கணக்கு இன்னும் கறார். சின்னம்மை வந்து போன பிறகு நரம்பு முடிச்சில் பதுங்கியிருக்கும் கிருமி முதுமையில் மீண்டும் கிளம்புவதே அக்கி. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்கினால் புண் சீக்கிரம் ஆறும், ஆரம்ப வலியும் தணியும். பின்னால் வரும் தொடுவலியை அது தடுத்தே தீரும் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. என்றாலும் கண்ணருகே வந்தால் பார்வையையே காப்பாற்றும் மருந்து அது. நம் ஊர்களில் அந்த 72 மணி நேரம் பெரும்பாலும் அக்கி எழுதுவதில் கழிகிறது. மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவியைக் குழைத்துப் பூசிக்கொள்வது தலைமுறைப் பழக்கம். எரியும் தோலுக்கு அந்த ஈரக் குளிர்ச்சி இதமாகவும் இருக்கும் (மிட்செலின் சிப்பாய்களும் ஈரத்துணியில்தானே இதம் கண்டார்கள்). எழுதிக்கொள்ளக் கூடாது என்று சண்டை போடுவதைவிட, எழுதிக்கொண்டு நேரே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள் என்று சொல்வது நடக்கக்கூடிய காரியம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையக் கணக்குப்படி அக்கி வந்தவர்களில் 10 முதல் 18 சதவீதம் பேருக்கு நாள்பட்ட வலி தங்கிவிடுகிறது. வயது கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். தடுப்பூசி இருக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 90 சதவீதத்துக்கும் மேல் பலன் காட்டிய ஊசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு தவணை போட வேண்டும். விலையோ ஓய்வூதியக்காரரே யோசிக்கும் அளவு. முதியோருக்கு அரசு வாங்கிப் போடலாமா என்று கணக்குப் பார்க்கவாவது வேண்டும்.

சர்க்கரைப் பாதத்துக்கு வருவோம். சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. முகாம்களில் அவர்கள் பாதத்தைச் சோதிக்க நைலான் இழை ஒன்று பயன்படுகிறது. வளையும் வரை பாதத்தில் அழுத்தி, ‘தெரிகிறதா?’ என்று கேட்பார்கள். 1890-களில் ஆஸ்திரிய-ஜெர்மானியர் மாக்ஸ் ஃபான் ஃப்ரே முடியைக் குச்சியில் ஒட்டிச் செய்த கருவியின் வாரிசு அது. ஆய்வகத்தில் எலியின் பாதத்தைத் தொட்டு வலியை அளப்பதும் இதே இழையால்தான். ஆனால் முகாமில் அது மரத்துப்போயிருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. வலிக்கிறதா என்று கேட்பதில்லை. மரத்துப்போன அதே பாதம் போர்வை பட்டால் வலிக்கவும் கூடும். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று தெரியாததால், ‘மரத்துப் போச்சுங்கறீங்க, வலிக்குதுங்கறீங்க, எதும்மா நிஜம்?’ என்று அந்த அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்கிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நோயாளியின் கட்டிலும் போர்வையும் செருப்பும் அவர்கள் கண்ணில் படுகின்றன. பிரெஞ்சு மருத்துவர்கள் 2005-இல் உருவாக்கிய டிஎன்4 என்ற பட்டியலில் பத்தே கேள்விகள்: எரிகிறதா, மின்சாரம் தாக்கியதுபோல இருக்கிறதா, எறும்பு ஊர்கிறதா, மென்தூரிகையால் வருடினால் வலி கூடுகிறதா என்று போகும். நான்குக்கு ‘ஆம்’ என்றால் நரம்பு வலி என்று சந்தேகிக்கலாம். ஸ்கேனும் வேண்டாம், ரத்தமும் எடுக்க வேண்டாம். பயிற்சி பெற்ற ஊழியர் சில நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம். திட்டம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள்; இந்தப் பத்துக் கேள்வியைத் தமிழில் ஒழுங்காக எழுதி அவர்கள் கையில் கொடுப்பது மலையைப் புரட்டும் வேலையல்ல.

சட்டத்தின் முன்னால் வந்தால் தொடுவலிக்கு நாதியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய்ப்பட்டியல் 2022 ஜனவரி முதல் நாள்பட்ட வலிக்குத் தனிக் குறியீடு கொடுத்துவிட்டது. நரம்பு வலிக்கு அதற்குள் தனி இடமும் உண்டு. நம்முடைய 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ‘நாள்பட்ட நரம்பியல் நிலைகள்’ அதில் இருக்கின்றன. நாள்பட்ட வலி என்ற பெயர் இல்லை. ஊனச் சான்றுக்குப் போனால் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, விரல் எத்தனை மிச்சம் என்பதுதான் பெரும்பாலும் அளவுகோல்.

தொழிலாளர் இழப்பீட்டில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் உறுப்புக்கு உறுப்பு அட்டவணை போட்டிருந்தார்கள்: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, முழு ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம். பட்டறையில் பிரஸ் மெஷினில் கை நசுங்கிய தொழிலாளிக்கு ஐந்து விரலும் பிழைத்து, நரம்பு மட்டும் அடிபட்டிருந்தால் அட்டவணையில் அவருக்கு வரி கிடையாது. அவர் இழந்தது எவ்வளவு என்று மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மருத்துவர் விரலை மடக்கிப் பார்க்கிறார், நீட்டிப் பார்க்கிறார், எல்லாம் அசைகிறது. அந்தக் கையால் அவர் ஒரு திருகாணியைக்கூட எடுக்க முடியாது என்பது அந்தத் தாளில் ஏறுவதில்லை. மருத்துவ வாரியங்களுக்கான வழிகாட்டுதலில், பஞ்சால் வருடிப் பார்த்து முடிவைப் பதிய வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கத் தொழிலாளர் துறையும் சுகாதாரத் துறையும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும்.